மெய்யியலுக்கும் சமயத்திற்கும் மாந்தமே உரைகல்!



“சமயம் இல்லையேல் ஒழுக்கம் இல்லை, ஒழுக்கம் இல்லையேல் உலகம் இல்லை” என்று ஒரு சாரார் மேடைதோறும் முழங்கி வருகின்றனர். “சமயம் ஒழியட்டும், மாந்தன் தானே நல்லவனாகி விடுவான்” என்று மற்றொரு சாரார் எதிர்முழக்கம் எழுப்பி வருகின்றனர். இவ்விரு முழக்கங்களையும் கேட்டுக்கொண்டு, பகலெல்லாம் பிறர் வயலில் உழைத்து, மாலையில் கோவில் வாயிலுக்கு வெளியே நின்று கைகூப்பிவிட்டு வீடு திரும்புகின்றானே ஒரு தமிழன், அவன் கேட்க வேண்டிய வினா வேறு. “உங்கள் மெய்யியல் எவ்வளவு உயர்ந்ததாகவும் இருக்கட்டும், உங்கள் சமயம் எவ்வளவு பழைமையானதாகவும் இருக்கட்டும், அவை என்னை எவ்வாறு நடத்துகின்றன?” என்பதே அவ்வினா. இதற்கு நேர்விடை கூறாத மெய்யியல் வெறும் சொல்லடுக்கு. நேர்விடை கூறாத சமயம் வெறும் வாணிகம். இதனைச் சான்றுகளோடு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்றும் ஒன்றல்ல

முதற்கண், குழம்பிக் கிடக்கும் மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும். மெய்யியல் என்பது கேட்பது. உலகம் யாது? உயிர் யாது? அறிவு எவ்வாறு தோன்றுகின்றது? இறப்புக்குப் பின் ஏதேனும் உண்டா, இல்லையா? இவ்வாறு அஞ்சாமல் கேட்டு, கிடைத்த விடையையும் மீண்டும் ஐயுற்றுக் கேட்பதே அதன் தொழில். சமயம் என்பது கொள்வது. மெய்யியல் கண்ட விடைகளுள் ஒன்றைக் கைக்கொண்டு, அதனை வழிபாடாகவும் விழாவாகவும் கூட்டு வாழ்க்கையாகவும் ஆக்கிக்கொள்வது அது. மாந்தம் என்பதோ உணர்வது. பக்கத்து வீட்டுக் குழந்தை பசியால் அழும்போது நம் வாய்ச்சோறு தொண்டைக்குள் இறங்க மறுக்கின்றதே, அவ்வுணர்வுக்குப் பெயர் மாந்தம். அவ்வுணர்வு வளர்ந்து நடைமுறையாகும்போது அதனை அறம் என்கின்றோம்.

இம்மூன்றனுள் எது மூத்தது? தாய் தன் பிள்ளைக்குப் பாலூட்ட எந்த நூலையும் ஓதியறியாள். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் ஒருவனைக் காணும் மீனவன், அவன் எந்தக் கடவுளை வணங்குபவன் என்று கேட்டுவிட்டா நீரில் குதிக்கின்றான்? மாந்தம் மூத்தது, வினா அதற்கு அடுத்தது, சமயம் இளையது. இளையது மூத்ததைப் பார்த்து, “நான் இல்லையேல் நீ இல்லை, நீ என் வயிற்றில் பிறந்தாய்” என்று கூறுமானால், அதனினும் தலைகீழ் முறை வேறு உண்டோ?

திருவள்ளுவப் பேராசான் இம்முறையை நன்குணர்ந்தவர். இன்று வழங்கும் வைப்புமுறைப்படி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுள் ‘மெய்யுணர்தல்’ 36-ஆவது. அதற்கு முன்னரே ‘அன்புடைமை’ 8-ஆவதாகவும், ‘விருந்தோம்பல்’ 9-ஆவதாகவும், ‘அருளுடைமை’ 25-ஆவதாகவும், ‘கொல்லாமை’ 33-ஆவதாகவும் வந்துவிடுகின்றன. அன்பு செய்யக் கல்லாதவனும், விருந்தினனுக்குச் சோறிடத் தெரியாதவனும், உயிர்க்கொலையை வெறுக்காதவனும் மெய்ப்பொருளை ஆராயத் தகுதியில்லாதவர் என்பதன்றோ இவ்வைப்பின் பொருள்? “கடவுள் வாழ்த்து முதலில் நிற்கின்றதே” எனின், ஆம், நிற்கின்றது. ஆயினும் ஆங்கும் எல்லாச் சமயத்தாரும் தத்தமக்கே உரியதென்று உரிமை கொண்டாடும்படியாகப் பொதுப் பண்புகளே கூறப்பட்டுள்ளன. 1330 குறட்பாக்களுள் ஒன்றிலேனும் ஒரு சமயத்தின் பெயர் இல்லை. அதனாலன்றோ சமயங்கள் மாறி மாறி வந்த இந்நிலத்தில் அந்நூல் மட்டும் மாறாமல் நின்றது!

இரு மெய்யியல், ஒரே சோறு

மாந்தம் சமயத்தின் உடைமையன்று என்பதற்கு நம் மண்ணிலேயே இரு சான்றுகள் உண்டு.

ஒன்று மணிமேகலை. அது புத்தநெறிக் காப்பியம். அதன் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரில் அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகப் பல கொள்கையினரும் தத்தம் கொள்கைகளை எடுத்துரைக்க, ஓர் இளம்பெண் அமைந்து கேட்கின்றாள். கடவுளை ஏற்பவனும் பேசுகின்றான். உலகமே மெய், பிறிதொன்றில்லை என்பவனும் பேசுகின்றான். எவன் நாவும் அறுக்கப்படவில்லை. எவனும் ஊரை விட்டுத் துரத்தப்படவில்லை. வினாவுக்கு அஞ்சாத தமிழகம் அது. ஆனால் அப்பெண்ணின் பெருமை அவள் கேட்ட கொள்கைகளில் இல்லை. அவள் கையிலிருந்த கலத்தில் இருந்தது. அக்கலத்தால் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டாள். வேந்தனிடம் வேண்டிச் சிறைக்கூடத்தையே அறக்கூடமாக்கினாள்.

அக்கலத்தை அவளுக்கு முன்னே ஏந்தியவன் ஆபுத்திரன். வேள்விக் கொலைக்கென்று கட்டப்பட்டிருந்த ஆவை இரக்கத்தால் மீட்டவன் அவன். அச்செயலுக்கு எதிராக வேள்வியாளர் காட்டிய பெரும்படைக்கலம் யாது? அவன் பிறப்பு! அவனைப் பெற்றவளின் ஒழுக்கத்தைச் சொல்லி இழித்து ஊரை விட்டே விரட்டினர். வினாவுக்கு விடை இல்லாதபோது பிறப்பை இழுத்துப் பேசும் பழக்கம் எவ்வளவு பழைமையானது என்பதைக் கண்டுகொள்க.

மற்றொன்று வடலூர். இராமலிங்க அடிகளார் புத்தநெறியினர் அல்லர். சிவனியத்தில் தோன்றிச் சிவனியத்தில் ஊறி, இறுதியில் எல்லாச் சமய எல்லைகளையும் கடந்தவர். அவர் 1867 மே 23 அன்று வடலூரில் ஓர் அடுப்பை மூட்டினார். இன்னார் இனியார் என்று வினவாது, குலம் கேளாது, கொள்கை கேளாது, வந்த பசிக்கெல்லாம் சோறிடும் சாலை அது. வழிபாட்டுக்குரிய ஒளியவையை அவர் திறந்ததோ அதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து, 1872 சனவரி 25 அன்று. முதலில் அடுப்பு, பின்னரே அவை! தம் நிறுவனங்களுக்கு அவர் வைத்த பெயர்களெல்லாம் வடசொற்கள் நிறைந்தவை என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அஃது அக்காலத்து நோய். ஆனால் அவர் மூட்டிய அடுப்புக்கு வடமொழியும் இல்லை; பிறப்பு வேறுபாடும் இல்லை.

புத்தம் உயிர் என்று ஒரு நிலைபேறான பொருள் இல்லை என்னும். சிவனியம் உயிர் என்றும் உள்ளது என்னும். மெய்யியலில் இரண்டும் எதிரெதிர் துருவங்கள். அவ்வாறிருந்தும் இரண்டும் ஒரே இடத்தில், பசித்தவன் கையில் வைக்கப்பட்ட சோற்றில், வந்து சந்திக்கின்றன. கொள்கை வேறுபட்டும் அறம் ஒன்றானால், அறம் கொள்கையின் அடிமையன்று என்பது பெறப்படவில்லையா?

மெய்யியல் பணிந்தது, கருவறை பணியவில்லை

இனி இதன் மறுதலையைக் காண்போம். கொள்கை ஒன்றாக இருந்தும் அறம் செத்துப்போன வரலாறு அது.

தமிழர் கண்ட மெய்யியல்களுள் தலைசிறந்தது என்று போற்றப்படுவது சிவனியக் கொண்முடிபு. மெய்கண்டார் பன்னிரண்டே நூற்பாக்களில் அதனை வடித்தார். அவர்தம் மாணவர் அருள்நந்தி, பிறர் கொள்கைகளையெல்லாம் முதலில் அவரவர் வாயால் சொல்வதுபோல் முழுமையாக எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுத்தார். அக்கொண்முடிபின்படி உயிர்கள் அனைத்தும் ஒரே நிலையின. அனைத்தையும் ஒரே அழுக்கு மூடியிருக்கின்றது. அனைத்துக்கும் ஒரே விடுதலை உண்டு. உயிருக்குக் குலம் இல்லை.

இஃது ஏட்டளவில் நின்ற கொள்கையன்று. மெய்கண்டார் வேளாளர் குடியில் பிறந்த இளஞ்சிறுவர். அருள்நந்தியோ அக்குடிக்கே குருவாக விளங்கிய ஆதிசிவனிய மரபினர். அகவையிலும் கல்வியிலும் முதிர்ந்தவர். அம்முதியவர் அச்சிறுவரின் அடிபணிந்து மாணவரானார் என்பது மரபு. தில்லை வாழ் அந்தணருள் ஒருவராகிய உமாபதி, தம் குலத்தைச் சாராத மறைஞானசம்பந்தரைத் தம் ஆசிரியராகக் கொண்டார். அதற்காகத் தம் குலத்தாரால் ஒதுக்கப்பட்டுத் தில்லைக்கு வெளியே கொற்றவன்குடியில் வாழ்ந்தார் என்பதும் மரபே. இந்நால்வரையும் அல்லவா சிவனிய உலகம் தன் நான்கு பேராசான்மாராக இன்றும் வணங்குகின்றது! மெய்யியல், பிறப்பின் முன்னே நிமிர்ந்து நின்று, அறிவின் முன்னே பணிந்தது. அதன் உயர்வுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆனால் அதே சிவனியத்தின் கோவில் செய்ததென்ன? ஆதனூர் நந்தனார் வரலாற்றை அறியாத தமிழர் இல்லை. தில்லையைக் காண வேண்டும் என்னும் வேட்கை ஒன்றைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர் அவர். அவர் தீயில் மூழ்கி, மறையவர் கோலத்தோடு எழுந்த பின்னரே உள்ளே செல்ல ஒப்பப்பட்டார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அறிவுடையீர், எண்ணிப் பாருங்கள்! அன்பால் உருகிய உள்ளம் அழுக்குடையது. அதனை வெளியே நிறுத்திய உள்ளம் தூயது. ஆகவே தீயில் இறங்க வேண்டியவர் நந்தனாரே! இது மெய்கண்டாரின் மெய்யியலா? இல்லை, மெய்யியலின் ஆடையை உடுத்துக்கொண்ட பிறப்புக் கோட்பாடு.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் காலத்துக்கு வருவோம். பிறப்புவழிப் பூசகர் உரிமையை ஒழிக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1970-இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அதனை எதிர்த்துச் சேசம்மாள் முதலானோர் தொடுத்த வழக்கில் உச்ச நயன்மன்றம் 1972 மார்ச்சு 14 அன்று தீர்ப்பளித்தது. தந்தைக்குப் பின் மகன் என்னும் உரிமை செல்லாது என்று ஒரு கையால் கொடுத்த அத்தீர்ப்பு, பூசகர் ஆகமப்படி உரிய பிரிவைச் சேர்ந்தவராகவே இருத்தல் வேண்டும் என்று மறுகையால் அதனைப் பறித்துக்கொண்டது. இவ்விழிவை நெஞ்சில் குத்திய முள் என்று கருதிய பெரியார், 1973 திசம்பரில் சென்னையில் இழிவு ஒழிப்பு மாநாடு கூட்டி, அம்மாதம் 24-ஆம் நாள் அந்த முள்ளோடேயே மறைந்தார்.

அதன் பின் நிகழ்ந்தவற்றைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். தகுதி பெற்ற எவரும் பூசகராகலாம் என்ற தமிழ்நாட்டரசின் ஆணை 2006 மே 23 அன்று வந்தது. பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஏறத்தாழ இருநூறு இளைஞர்கள் பயின்று தேறினர். ஆனால் வழக்கு குறுக்கிட்டது. 2015 திசம்பர் 16 அன்று மீண்டும் ஒரு தீர்ப்பு, மீண்டும் ஆகமம். பயின்றவர்கள் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பிழைப்புக்கு வேறு வேலை தேடினர். 2021 ஆகத்து 14 அன்றுதான் அரசுப் பள்ளிகளில் பயின்ற 24 பேர் பணியமர்த்தப்பட்டனர். அதன் பின்னும் ஆகமத்தின் பெயரால் வழக்குகள் தொடுக்கப்பட்டன. பழைய சேரநாடாகிய கேரளத்தில் 2017-இல் பார்ப்பனரல்லாத 36 பேர், அவர்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் 6 பேர், பூசகர் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மெய்கண்டாரையும் வள்ளலாரையும் ஈன்ற நாடு, அரை நூற்றாண்டாக வழக்குமன்றப் படிகளில் அமர்ந்திருந்தது.

அவ்வழக்குகளில் முன்வைக்கப்பட்ட கருத்தைக் கூர்ந்து நோக்குங்கள். உரிய பிறப்பில்லாதவன் தொட்டால் திருவுருவம் தீட்டுப்படும் என்பதே அதன் சாரம். உலகைப் படைத்து, காத்து, உயிர்தோறும் உள்நின்று இயக்குகின்றவன் என்று எந்த இறைவனைச் சொல்கின்றார்களோ, அவன் ஒரு மாந்தக் கை பட்டதும் அழுக்காகி விடுவானாம்! இறைமறுப்பாளர் எவரும் இறைவனை இவ்வளவு இழிவாகப் பேசியதில்லை. மெய்யியல் அறிந்தோர் இதனைக் கேட்டு நாணி எழுந்து மறுத்திருக்க வேண்டும். எத்தனை மடத்துத் தலைவர்கள் வழக்குமன்றம் ஏறி, “உயிருக்குக் குலம் இல்லை என்பதே எங்கள் கொண்முடிபு” என்று சான்று கூறினர்? கருவறைக்கு எதிராக வாய் திறவாத மெய்யியல், ஏட்டில் எவ்வளவு ஒளிர்ந்தாலும் என்ன பயன்?

புரியாத மொழியில் அறம் புகாது

இவ்விழிவு இத்தனைக் காலம் நிலைத்ததற்கு ஒரு பெருங்கரணியம் மொழி. நாம் மொழித்தூய்மை பேசுவதைச் சொல்விளையாட்டு என்று எண்ணுவோர் இவ்விடத்தில் சிந்திக்க வேண்டும்.

தனக்குப் புரிந்த மொழியில் ஒன்றைக் கேட்பவன் அதனை எடைபோடுகின்றான், “இது சரியா?” என்று கேட்கின்றான். புரியாத மொழியில் கேட்பவனுக்கு இரண்டே வழிகள்: தலையாட்டுதல், அல்லது அஞ்சுதல். வினா செத்த இடத்தில் மெய்யியல் சாகும். மெய்யியல் செத்த சமயத்தில் எஞ்சியிருப்பது சடங்கு ஒன்றே. சடங்கை நடத்துபவன் எசமானன். சடங்கைப் பெறுபவன் அடிமை. தமிழன் கட்டிய கோவிலில், தமிழன் கொடுத்த நிலத்தின் வருவாயில், தமிழன் முன்னிலையில், தமிழனுக்காகச் செய்யும் வழிபாடு தமிழனுக்கே விளங்காத மொழியில் நடக்கின்றதென்றால், ஆங்கு மறைக்கப்படுவது வெறும் பொருள் அன்று. அவன் கேட்கும் உரிமை.

தில்லையில் இது வெட்டவெளிச்சமாயிற்று. திருச்சிற்றம்பல மேடையில் நின்று தமிழ்த் திருமுறை பாட வேண்டும் என்று முதியவரான சிவனடியார் ஆறுமுகசாமி பல்லாண்டுகள் போராடினார். அரசாணை பிறந்து, 2008 மார்ச்சு 2 அன்று காவலர் சூழ அவர் பாட நேர்ந்தது. மூவர் முதலிகள் பாடிப் பாடி வளர்த்த கோவிலில், அவர்கள் பாடிய மொழியில் பாடுவதற்குக் காவல்துறை! உலகில் வேறு எந்த இனத்துக்கேனும் தன் கடவுளோடு தன் மொழியில் பேசக் காவல் தேவைப்பட்டதுண்டோ? 2014 சனவரி 6 அன்று அக்கோவிலின் ஆட்சியும் உச்ச நயன்மன்றத் தீர்ப்பால் தீட்சிதர்களிடமே திரும்பிச் சென்றது.

ஆகவே தமிழில் வழிபாடு என்பது வெறும் மொழிப்பற்றுக் கோரிக்கையன்று; அது மெய்யியலைச் சமயத்துக்குள் மீண்டும் நுழைக்கும் கோரிக்கை. தமிழில் சொல்லப்படும்போதுதான் ஒரு கூலித்தொழிலாளி, “எல்லா உயிரும் ஒன்று என்று இப்போது பாடினீர்களே, பின் ஏன் என்னை வெளியே நிறுத்தினீர்கள்?” என்று கேட்பான். அந்த ஒரு வினாவுக்கு அஞ்சியே அத்தனைத் திரைகளும் தொங்கவிடப்பட்டுள்ளன.

நம் நெஞ்சையும் உரைத்துப் பார்ப்போம்

இவ்வளவும் படித்துவிட்டு, “குற்றமெல்லாம் ஆரியத்தின்மேல், நாம் தூயவர்” என்று மகிழ்ந்துவிட எண்ணும் அன்பர்களுக்கு ஒன்று கூற வேண்டியுள்ளது. அது கசக்கும், கசந்தாலும் கூறியே ஆக வேண்டும்.

உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பப்பட்டதே ஒரு சுவர், தாழ்த்தப்பட்ட தமிழரையும் பிற தமிழரையும் பிரிக்க எழுந்த சுவர், அதனைக் கட்டியவர் எவர்? 2008 மே மாதம் அதன் ஒரு பகுதியை அரசு இடிக்கும்வரை அதற்கு நிழலில் வாழ்ந்தவர் எவர்? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோவிலுக்குள் நுழைந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர்கள் 2023 ஏப்பிரல் திருவிழாவின்போது தாக்கப்பட்டனர். அவ்வாண்டு சூன் மாதம் அக்கோவிலையே அதிகாரிகள் பூட்டி முத்திரையிட நேர்ந்தது. ஆங்குப் பூசகனும் தமிழன், தடுத்தவனும் தமிழன், தடுக்கப்பட்டவனும் தமிழன். கருவறையைக் காக்க எந்த ஆகமமும் ஆங்கு வாதாடவில்லை. வாதாடியது நெஞ்சுக்குள் இருந்த சாதி ஒன்றே.

இதற்கு எதிராக மற்றொரு காட்சியையும் வைத்துப் பாருங்கள். 1939 சூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட தமிழரை அழைத்துச் சென்றவர் அ. வைத்தியநாதர். அவர் பிறப்பால் பார்ப்பனர். தம் குலத்தாரின் பழிப்பையும் எதிர்ப்பையும் தாங்கிக்கொண்டு அதனைச் செய்தார். மதுரையில் கதவைத் திறந்தவர் பார்ப்பனர். மேல்பாதியில் கதவை அடைத்தவர் பார்ப்பனரல்லாதார். இதனை ஒப்புக்கொள்ள நம் நா கூசுமானால், நாம் எதிர்ப்பது ஆரியக் கோட்பாட்டையா, ஆளையா என்பதில் நமக்கே தெளிவில்லை என்பது பொருள். பிறப்பை வைத்து ஒருவரை உயர்த்துவது எவ்வளவு பிழையோ, பிறப்பை வைத்து ஒருவரைப் பகைப்பதும் அவ்வளவே பிழை. அவ்வாறு பகைப்பவன், தான் எதிர்க்கும் கோட்பாட்டுக்கே மாணவன். ஆரியம் என்பது ஒரு குருதியன்று. பிறப்பால் மாந்தனை அளக்கும் நோய். அந்நோய் பூணூலுக்குள் இருந்தாலும் நோயே. தமிழ்ப் பெயருக்குள் இருந்தாலும் நோயே.

அன்பர்களே! நாம் சொல்லில் கலந்த அயற்சொல்லைக் களைந்தோம். ‘நமசுகாரம்’ என்பதை ‘வணக்கம்’ என்று மாற்றினோம். பிள்ளைகளுக்குத் தூய தமிழில் பெயரிட்டோம். திருமணத்தைத் தமிழில் நடத்தினோம். நன்று. ஆனால் அத்திருமணத்திற்குப் பெண் தேடியபோது நம்முள் எத்தனைப் பேர் குலம் பார்த்தோம்? தூய தமிழில் அச்சிட்ட அழைப்பிதழுக்குள் சாதியை மறைத்து வைத்தோமா, இல்லையா? சொல்லைத் தூய்மை செய்துவிட்டு நெஞ்சை அவ்வாறே விட்டுவிட்டால், அழுக்குக் குடத்துக்கு வெளிப்புறம் மட்டும் புளியிட்டு விளக்கியவர் ஆவோம்.

உரைகல்லில் தேய்த்த பொன்

இறைப்பற்றுடையாரும் இறைமறுப்பாளரும் இவ்வியக்கத்தில் ஒருங்கே உள்ளனர். அது நமக்குக் குறையன்று; பெருமை. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளார் ஆழ்ந்த சிவனியர். பெரியார் கடவுள் மறுப்பாளர். இருவர்க்கும் இடையே சமயத்தை ஒட்டிக் கடும் பூசல் நிகழ்ந்ததும் உண்டு. ஆயினும் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது, 1938-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்றனர். கடவுள் உண்டா, இல்லையா என்னும் மெய்யியல் வினாவில் அவர்கள் கடைசிவரை ஒன்றுபடவில்லை. தமிழனும் மாந்தன், அவன் தாழ்ந்து நிற்கலாகாது என்னும் விழுமியத்தில் ஒன்றுபட்டனர். ஒன்றுபடுதற்குரிய இடம் எது என்பதை அவர்தம் வாழ்க்கையே காட்டிவிட்டது.

ஆகவே நாம் முடிவாகக் கூறுவது இதுவே. கடவுளை நம்புகின்றவன் நம்பட்டும். அவன் நம்பும் கடவுள் எந்த மாந்தனையும் தொட அஞ்சாத கடவுளாக இருத்தல் வேண்டும். கடவுளை மறுக்கின்றவன் மறுக்கட்டும். அவன் மறுப்பு, மாந்தனை மறுக்கும் ஒவ்வொரு வழக்கத்தையும் சேர்த்தே மறுத்தல் வேண்டும். மெய்யியல் கற்பவன் கற்கட்டும். கற்றதை முதலில் தன் தெருவின் கடைசி வீட்டு வாயிலில் நின்று சொல்லிக் காட்டட்டும். எந்தச் சமயத்தின் பழைமையும், எந்த நூலின் உயர்வும் ஒரு மாந்தனை வெளியே நிறுத்துவதற்குச் சான்றாகா. சமயத்தால் மாந்தனை அளந்தது போதும். இனி மாந்தத்தால் சமயத்தை அளப்போம்.

அளப்பதற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டா. உங்கள் ஊர்க்கோவிலுக்குச் செல்லுங்கள். மூன்றே வினாக்கள் கேளுங்கள். இங்கு ஓதப்படுவது எனக்கு விளங்குகின்றதா? இங்கு நுழையவும், பயின்றால் பூசை செய்யவும், எவர்க்கும் பிறப்பால் தடை உண்டா? இவ்வூர்த் தேர், சேரிக்குள்ளும் வருகின்றதா? மூன்றில் ஒன்றுக்கேனும் தவறான விடை வருமானால், ஆங்கு உங்களுக்குப் பணி இருக்கின்றது. அடுத்த திருவிழாவிற்கு முன் ஊரைக் கூட்டுங்கள். தாழ்த்தப்பட்ட உடன்பிறப்புகளின் கைபற்றி, முன்னே அவர்கள் செல்லப் பின்னே நீங்கள் செல்லுங்கள். தடுப்பவன் உங்கள் உறவினனாக இருப்பான். உங்கள் மாமனாக, பங்காளியாக இருப்பான். அங்கேதான் உங்கள் தமிழ்ப்பற்றும் மெய்யியலும் உரைகல்லில் தேய்க்கப்படும்.

கருவறைக் கதவு ஒரு நாள் சட்டத்தால் திறக்கும். நெஞ்சக் கதவைச் சட்டம் திறவாது. நாமே திறத்தல் வேண்டும்.

எழுக தமிழினமே! பிறப்பை மறந்து எழுக! மாந்தனாக எழுக!